விளையாட மறுக்கும் பிள்ளை: காரணம் அறிந்து கைகொடுப்போம்

"மற்றப் பிள்ளைகள் எல்லாரும் மைதானத்தில் இருக்கிறார்கள். என் மகன் மட்டும் ஓரமாக நிற்கிறான். கபடிக்கும் வருவதில்லை, கால்பந்துக்கும் வருவதில்லை. என்ன செய்வது, டாக்டர்?" சளிக்காகவோ காய்ச்சலுக்காகவோ குழந்தைகள் நலப் பிரிவுக்கு வரும் பெற்றோர், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழும் நேரத்தில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நோயோடு தொடர்பில்லாத கேள்வி என்று எண்ணித் தயங்கித் தயங்கித்தான் கேட்கிறார்கள். பல பிள்ளைகளின் விஷயத்தில் இக்கேள்விக்கு நோயோடு நேரடித் தொடர்பு உண்டு.

குழு விளையாட்டுக்கு வர மறுக்கும் பிள்ளையைப் பொதுவாக நாம் இரண்டு விதமாக அணுகுகிறோம். "சோம்பேறி", "கூச்சக்காரி" என்று பெயர் சூட்டி வற்புறுத்துவது ஒன்று. "அவன் சுபாவம் அப்படி" என்று விட்டுவிடுவது மற்றொன்று. ஏன் வர மறுக்கிறது என்ற கேள்வி இரண்டிலுமே கேட்கப்படாமல் போகிறது. காய்ச்சல் என்பது ஒரு நோயின் அறிகுறி. எந்த நோய் என்று பார்த்தே மருந்து தருகிறோம். பிள்ளையின் மறுப்பையும் அவ்வாறே ஓர் அறிகுறியாகக் கொள்ள வேண்டும். மூச்சுத்திணறல், இரத்தச்சோகை, பார்வைக் குறை, கேலிக்கு அஞ்சும் மனம் என அதன் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். காரணத்துக்கு ஏற்பவே உதவியும் மாறும். இக்கட்டுரை அக்காரணங்களையும், வீட்டிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் செய்யத்தக்கவற்றையும் விளக்குகிறது.

நம் பகுதியின் நிலை

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால், சுங்குவார்சத்திரம் ஆகிய ஊர்களில் வாழும் குடும்பங்கள் பலவற்றின் நாள், தொழிற்சாலையின் ஷிப்ட் நேரத்தைச் சுற்றியே அமைகிறது. இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் தந்தை பகலில் உறங்க வேண்டும். வீடோ ஒற்றை அறை. "சத்தம் போடாதே, அப்பா தூங்குகிறார்" என்பது பிள்ளை தினமும் கேட்கும் சொல். வெளியே அனுப்பலாம் என்றால், ஒரகடம் சந்திப்பை நோக்கிச் செல்லும் சாலைகளில் கன்டெய்னர் லாரிகளும் பேருந்துகளும் ஓய்வதில்லை. வாடகை வீட்டை அடிக்கடி மாற்றும் குடும்பங்களில் பிள்ளைக்குப் பழகிய தோழர்களும் இருப்பதில்லை.

இத்தகைய சூழலில் வளரும் பிள்ளை, ஐந்து வயதுக்குள் பந்தை எறிந்தும் பிடித்தும், ஓடித் துரத்தியும், விழுந்து எழுந்தும் பழகும் வாய்ப்பைப் பெரும்பாலும் பெறுவதில்லை. அப்பழக்கமின்றி எட்டு வயதில் திடீரென்று பதினொரு பேர் கொண்ட அணியில் நிறுத்தப்படும்போது அது தயங்குவதில் வியப்பில்லை. இது பிள்ளையின் குற்றமும் அன்று. உழைத்துக் களைத்து வரும் பெற்றோரின் குற்றமும் அன்று. இடத்தையும் பழக்கத்தையும் நாம் பின்னர் அமைத்துத் தரலாம்.

எவ்வளவு உடலியக்கம் தேவை?

5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள், சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடங்களாவது, மூச்சு சற்று வேகமாக வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை. வாரத்தில் குறைந்தது மூன்று நாட்கள் தசைகளையும் எலும்புகளையும் வலுப்படுத்தும் கடின இயக்கங்களும் அதில் இருக்க வேண்டும். ஓட்டம், குதித்தல், ஸ்கிப்பிங், ஏறுதல் ஆகியன அத்தகையவை.

இப்பரிந்துரை உடலியக்கத்தை வலியுறுத்துகிறது. அது குழு விளையாட்டாகவே இருக்க வேண்டும் என்று கூறவில்லை. விட்டுக்கொடுத்தல், தோல்வியைத் தாங்குதல், பிறரோடு இணைந்து செயல்படுதல் ஆகியவற்றைக் குழு விளையாட்டு நன்கு கற்றுத் தருகிறது என்பது உண்மையே. ஆயினும் பிள்ளையின் உடல்நலம் ஓர் அணியில் இடம்பெறுவதை மட்டும் சார்ந்ததன்று. இதை மனத்தில் கொண்டால் பெற்றோரின் பதற்றம் பாதி குறையும். பதற்றம் குறைந்த பெற்றோரிடமே பிள்ளை உண்மையைச் சொல்லும்.

முதலில் கவனிக்க வேண்டியவை

"ஏன் விளையாடப் போகவில்லை?" என்று நேராகக் கேட்டால், "பிடிக்கவில்லை" என்ற ஒற்றைச் சொல்லே பதிலாக வரும். மூச்சு வாங்குகிறது என்றோ, பந்து சரியாகத் தெரியவில்லை என்றோ சொல்லும் சொல்வளம் சிறு பிள்ளைக்கு இல்லை. எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்றே அது நினைத்திருக்கும். ஆகவே, ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். தனியாக ஓடி விளையாடுகிறதா, அதையும் தவிர்க்கிறதா? ஓடிய பின் இருமுகிறதா? மாடிப்படி ஏறினால் களைக்கிறதா? தொலைக்காட்சியை அருகில் சென்று பார்க்கிறதா? உடற்கல்வி வகுப்பு உள்ள நாளில் மட்டும் வயிற்றுவலி என்கிறதா? முன்பு விருப்பத்தோடு விளையாடிய பிள்ளை அண்மையில்தான் நிறுத்தியதா?

கடைசிக் கேள்வி மிகவும் முக்கியமானது. தொடக்கம் முதலே தயங்கும் பிள்ளை வேறு, நன்றாக விளையாடி வந்து திடீரென விலகிய பிள்ளை வேறு. பின்னதற்கு உடலிலோ, பள்ளியிலோ, மைதானத்திலோ ஏதோ ஒன்று நிகழ்ந்திருக்கக்கூடும். குறிப்பிட்ட ஒரு நபரின் பெயரைச் சொன்னாலே பிள்ளை முகம் மாறினால் அதை அலட்சியப்படுத்தாதீர்கள். தனியே அமர்ந்து, கோபமின்றி, அதன் சொல்லை நம்பிக் கேளுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இரவும் பகலும் இயங்குகிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

உடல் சார்ந்த காரணங்கள்

மூச்சுக்குழாய்ச் சுருக்கம்: சில பிள்ளைகளுக்கு வேகமாக ஓடும்போதோ, ஓடி நிறுத்திய ஐந்து பத்து நிமிடங்களிலோ இருமலும் நெஞ்சிறுக்கமும் இளைப்பும் தோன்றும். அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் தானாகவே அடங்கிவிடும். வீட்டில் அமர்ந்திருக்கும்போது எதுவும் இராது என்பதால் பெற்றோர் இதை அறிவதில்லை. ஓடினால் துன்பம் வரும் என்பதை அறிந்துகொண்ட பிள்ளை, ஓடுவதையே தவிர்க்கத் தொடங்குகிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளிடம் இது பெரிதும் காணப்படும். தூசும் புகையும் இதைத் தூண்டும். மருத்துவர் பரிசோதித்து உரிய இன்ஹேலர் மருந்தைத் தொடங்கினால், பெரும்பாலான பிள்ளைகள் மற்றவர்களைப் போலவே விளையாடலாம். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற அச்சம் தேவையற்றது. அதில் மருந்தின் அளவு மிகக் குறைவு, அது நேரே மூச்சுக்குழாயைச் சென்று சேர்கிறது. விளையாடுவதற்கு முன் பத்து நிமிடங்கள் மெதுவாக உடலைச் சூடேற்றுவதும் நல்ல பயன் தரும். ஒவ்வொரு முறை விளையாடும்போதும் இளைப்பைத் தணிக்கும் இன்ஹேலர் தேவைப்படுகிறது என்றால், ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்று பொருள். அப்போது தினசரித் தடுப்பு மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

இரத்தச்சோகை: இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் தசைகளுக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்காது. பிள்ளை சிறிது ஓடினாலே களைக்கும், ஓட்டத்தில் பின்தங்கும், "சோம்பேறி" என்ற பெயரும் வாங்கும். 5 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு டெசிலிட்டருக்கு 11.5 கிராமுக்குக் குறைந்தாலும், 12 முதல் 14 வயதினருக்கு 12 கிராமுக்குக் குறைந்தாலும் அது இரத்தச்சோகை. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இக்குறை இருக்கிறது. எளிய இரத்தப் பரிசோதனை ஒன்றிலேயே இது தெரிந்துவிடும். பள்ளியில் வாரந்தோறும் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையையும், ஆண்டுக்கு இருமுறை தரப்படும் குடற்புழு மாத்திரையையும் பிள்ளை விழுங்குகிறதா என்று கேட்டறியுங்கள். முருங்கைக்கீரை, சுண்டல், பயறு வகைகள், ஈரல், முட்டை ஆகியவற்றோடு நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை சேர்த்தால் இரும்புச்சத்து நன்கு உட்கிரகிக்கப்படும். உணவோடு சேர்த்துத் தேநீரோ காப்பியோ அருந்துவது அதைத் தடுக்கும்.

பார்வைக் குறை: தூரத்துப் பொருள் மங்கலாகத் தெரியும் பிள்ளைக்குப் பந்து வருவது கடைசி நொடியில்தான் தெரியும். முகத்தில் இருமுறை அடிபட்டால் மூன்றாம் முறை மைதானத்துக்கு வராது. கண் பரிசோதனையும் உரிய கண்ணாடியும் இச்சிக்கலைத் தீர்த்துவிடும். கண்ணாடி உடைந்துவிடும் என்று அஞ்சி விளையாடும் நேரத்தில் கழற்றிவைக்கச் சொல்லாதீர்கள். எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடியைப் பட்டையுடன் அணியலாம்.

செவித்திறன் குறை: ஒரு காதில் மட்டும் கேட்கும் பிள்ளைக்கு ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது எளிதில் புலப்படாது. இரைச்சல் மிகுந்த மைதானத்தில் "பந்து உனக்கு!" என்ற கூவலை அது தவறவிடும், உடனே திட்டு விழும். சென்னையைச் சேர்ந்த இந்தியக் கிரிக்கெட் வீரர் வாஷிங்டன் சுந்தருக்கு ஒரு காதில் மட்டுமே கேட்கும். களத்தில் தம்மோடு ஒருங்கிணைந்து ஆடுவது சக வீரர்களுக்குக் கடினமாக இருந்திருக்கும் என்றும், அதற்காக அவர்கள் தம்மைக் குறை கூறியதில்லை என்றும் அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அவர் 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் தம் முதல் டெஸ்ட் போட்டியில் ஆடினார். முதல் இன்னிங்ஸில் 62 ஓட்டங்கள் எடுத்து, ஷார்துல் தாக்கூருடன் சேர்ந்து 123 ஓட்டங்கள் குவித்தார். இந்தியா வென்ற அப்போட்டியைப் பலர் நினைவில் வைத்திருப்பர். பெற்றோரும் ஆசிரியரும் இதில் இரண்டு செய்திகளைக் கவனிக்கலாம். குறையை மறைக்காமல் சொன்னால் மற்றவர்கள் அதற்கேற்ப நடந்துகொள்ள முடியும். அணியினர் சிறிது இடம் கொடுத்தால், தனித்து நிற்க நேரிடும் ஒருவர் அணிக்கே வலுவாக மாறலாம்.

இயக்க ஒருங்கிணைப்புக் குறை: அறிவில் எந்தக் குறையும் இல்லாத சில பிள்ளைகளுக்குக் கையையும் காலையும் கண்ணையும் இணைத்து இயக்குவது கடினமாக இருக்கும். 5 முதல் 11 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 5 அல்லது 6 பேருக்கு இது உண்டு. சட்டைப் பொத்தான் போடுவது, ஷூ நாடா கட்டுவது, சைக்கிள் ஓட்டப் பழகுவது, எழுத்தைக் கோட்டில் நிறுத்துவது ஆகியவற்றிலும் பிள்ளை திணறும். "முயற்சி போதவில்லை" என்று திட்டுவது இங்கே சிறிதும் பயன் தராது. செயல்முறைச் சிகிச்சையாளரிடம் பயிற்சி பெறலாம். ஒவ்வொரு செயலையும் சிறு சிறு படிகளாகப் பிரித்துக் கற்பிக்கலாம். நீச்சல், ஓட்டம் போன்ற, பந்தில்லாத விளையாட்டுகள் இத்தகைய பிள்ளைக்கு எளிதாக அமையும்.

நாள்பட்ட நோய்கள்: முதல் வகை நீரிழிவு, வலிப்பு, சிறு வயதிலேயே சரிசெய்யப்பட்ட இதயக் குறை ஆகியவை உள்ள பிள்ளைகளைப் பெற்றோரே விளையாட்டிலிருந்து விலக்கிவிடுவதுண்டு. பிள்ளை மறுப்பதாகத் தோன்றுவது, உண்மையில் நம் அச்சத்தின் எதிரொலியாக இருக்கலாம். முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளை விளையாடுவதற்கு முன் இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். அது 90 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால், மருத்துவர் சொன்ன அளவில் மாவுச்சத்து உண்ட பின்னரே தொடங்க வேண்டும்; பையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்க வேண்டும். பாகிஸ்தானின் வேகப்பந்து வீச்சாளர் வாசிம் அக்ரம் 1997இல் நீரிழிவு கண்டறியப்பட்ட பிறகும் பல ஆண்டுகள் பன்னாட்டுக் கிரிக்கெட் ஆடினார். வலிப்பு கட்டுப்பாட்டில் உள்ள பிள்ளைகள் பெரும்பாலான விளையாட்டுகளை ஆடலாம்; நீச்சலுக்கு மட்டும், அருகிலேயே நின்று கவனிக்கும் பெரியவர் ஒருவர் கட்டாயம் தேவை. இதயக் குறை இருந்த பிள்ளை எந்த அளவுக்கு விளையாடலாம் என்பதை இதய மருத்துவரிடம் எழுத்தில் பெற்றுப் பள்ளிக்குக் கொடுங்கள்.

வயதுக்கு வரும் பருவம்: பத்து வயது வரை ஓடி விளையாடிய சிறுமி, அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் மைதானத்தை விட்டு விலகுவதை மிகுதியாகக் காண்கிறோம். மாதவிடாய் நாட்களில் உடை கறைபடுமோ என்ற அச்சம், மாறிவரும் உடலைப் பிறர் பார்ப்பதால் வரும் கூச்சம், பள்ளிக் கழிப்பறையின் நிலை ஆகியன இதற்குக் காரணங்கள். மாதவிடாயின்போது விளையாடுவதால் உடலுக்குத் தீங்கில்லை. பலருக்கு வலி குறையவும் செய்கிறது. உடலுக்கு ஏற்ற உள்ளாடை, அடர்நிற விளையாட்டு உடை, பையில் மாற்று நாப்கின் ஆகியவற்றைத் தாய் முன்னின்று ஏற்பாடு செய்தால் பாதித் தடை நீங்கும். வலியோ உதிரப்போக்கோ மிகுதியாக இருந்தால் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.

உடனே மருத்துவரைக் காண வேண்டிய அறிகுறிகள்

ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கி விழுதல், உழைப்பின்போது நெஞ்சுவலி, காரணமின்றி நெஞ்சு படபடத்தல், உதடு நீலமாதல், இன்ஹேலருக்கும் அடங்காத இளைப்பு, காலையில் எழும்போது மூட்டு வீக்கமும் விறைப்பும் ஆகியன இருந்தால் விளையாட்டை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். குடும்பத்தில் எவரேனும் 50 வயதுக்குள் திடீரென இறந்திருந்தால் அதையும் தவறாமல் சொல்லுங்கள். மயங்கிய பிள்ளை பேச்சுக்குப் பதில் தரவில்லை என்றாலோ, மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ 108 எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

மனமும் சூழலும் சார்ந்த காரணங்கள்

உடலில் குறையில்லை என்று உறுதியான பின்பு மைதானத்தைப் பாருங்கள். இரண்டு தலைவர்கள் எதிரெதிரே நின்று "எனக்கு அவன், எனக்கு இவன்" என்று ஆள் பிரிக்கும் வழக்கம் நாம் அனைவரும் அறிந்ததே. ஒவ்வொரு நாளும் கடைசியில் எஞ்சி நிற்கும் பிள்ளைக்கு, ஆட்டம் தொடங்குமுன்பே தோல்வி கிடைத்துவிடுகிறது. உடல் பருமன், நிறம், திக்குவாய், பெயர் ஆகியவற்றை வைத்துச் செய்யப்படும் கேலியும் அவ்வாறே காயப்படுத்தும். பருமனான பிள்ளைக்கு உடலியக்கம் மிகத் தேவை. கேலி அதை முதலில் மைதானத்திலிருந்தே துரத்துகிறது.

பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். விரைந்து கூவப்படும் தமிழ்ச் சொற்கள் அவர்களுக்கு விளங்குவதில்லை. ஆட்டத்தின் விதிகளைப் பொறுமையாக ஒருமுறை செய்துகாட்டினால் போதும். கபடி, கோ-கோ போன்ற ஆட்டங்களில் மொழியின் தேவை குறைவு.

பெரியவர்களாகிய நம் பங்கும் உண்டு. எல்லைக்கோட்டில் நின்று "ஓடு, பிடி, விட்டுட்டியே!" என்று கத்தும் பெற்றோரின் பிள்ளைக்கு ஆட்டமும் ஒரு தேர்வாகிவிடுகிறது. இவை எதுவுமின்றி இயல்பிலேயே அமைதியை விரும்பும் பிள்ளைகளும் உண்டு. இரைச்சல், நெரிசல், உடல் உரசல் ஆகியவற்றைத் தாங்க இயலாத பிள்ளைகளும் உண்டு. பேச்சு, பழக்கவழக்கம், கண் பார்த்துப் பேசுதல் ஆகியவற்றிலும் வேறுபாடு தெரிந்தால் வளர்ச்சி நிலை மதிப்பீடு தேவைப்படும்.

படிப்படியாக ஒரு வழி

காரணத்தைக் கண்டு உரிய மருத்துவமும் தொடங்கிய பின், பிள்ளையை மைதானத்துக்கு அழைத்துச் செல்லும் பணி மெல்ல நடக்க வேண்டும். ஒரு படியில் பிள்ளை இயல்பாக இருக்கிறது என்று தெரிந்த பின்பே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

முதற்படி வீட்டிலேயே தொடங்கட்டும். தந்தையோ தாயோ, ஷிப்ட் இல்லாத வேளையில் பதினைந்து நிமிடங்கள் பிள்ளையோடு பந்து எறிந்து பிடிக்கலாம். பெரிய, மென்மையான பந்தில் தொடங்கிப் பின்னர் சிறிய பந்துக்கு மாறலாம். மாடித் தளத்தில் விளையாடினால் கைப்பிடிச் சுவர் போதிய உயரம் உள்ளதா என்று பாருங்கள்.

இரண்டாம் படியில், பிள்ளைக்குப் பிடித்த தோழர் ஒருவரை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூப்பந்தோ ஸ்கிப்பிங்கோ எதுவாயினும் சரி. புள்ளிக் கணக்கு வேண்டாம்.

மூன்றாம் படியில், மூன்று நான்கு பேர் கொண்ட சிறு ஆட்டம். குறைவான பேர் ஆடும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் பந்து அதிக முறை கிடைக்கும். தவறும் பெரிதாகத் தெரியாது.

நான்காம் படியில், அணியின் பயிற்சியைப் போய்ப் பார்க்கட்டும். புள்ளிகளைக் குறிப்பது, பந்துகளை எடுத்துவைப்பது போன்ற ஒரு பொறுப்புடன் அங்கே இருக்கட்டும். மைதானத்துக்கும் அங்குள்ள முகங்களுக்கும் பழகிய பின் ஆட்டத்தில் இறங்குவது எளிது.

ஐந்தாம் படியில், ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள்: "நான்கு முறை போய்ப் பார்ப்போம். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் வேறு விளையாட்டைத் தேடலாம்." நான்கு முறை முடிந்ததும் பிள்ளை வேண்டாம் என்றால், சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். அப்போதுதான் அடுத்த முயற்சிக்கு அது உங்களை நம்பி வரும்.

ஆட்டம் முடிந்து வரும் பிள்ளையிடம் "ஜெயித்தாயா?" என்று கேட்பதற்கு முன் "இன்றைக்கு எது பிடித்திருந்தது?" என்று கேளுங்கள். பயந்தபோதும் போய் வந்ததைப் பாராட்டுங்கள். அண்ணனோடும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிடாதீர்கள். "விளையாடினால் செல்போன் தருகிறேன்" என்ற பேரம், விளையாட்டு ஒரு தண்டனை என்றும் செல்போன் ஒரு பரிசு என்றும் பிள்ளைக்குக் கற்பித்துவிடும்.

பள்ளியோடு பேசுங்கள்

2009ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானமும், வகுப்புகளுக்குத் தேவையான விளையாட்டுப் பொருட்களும் வேண்டும் என்கிறது. ஆகவே, விளையாட்டைப் பற்றி உடற்கல்வி ஆசிரியரிடம் பேசுவது சலுகை கேட்பது ஆகாது. பிள்ளையின் நிலையைச் சுருக்கமாக எழுதிக் கொடுங்கள். இன்ஹேலரோ குளுக்கோஸோ அலுவலக அலமாரியில் பூட்டப்படாமல், பிள்ளையின் பையிலோ ஆசிரியரின் கையிலோ மைதானத்தில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். ஆள் பிரிக்கும் வேலையைத் தலைவர்களிடம் விடாமல், எண் சொல்லியோ "சா பூ த்ரீ" போட்டோ பிரிக்குமாறு வேண்டுங்கள். இச்சிறு மாற்றத்துக்குச் செலவே இல்லை. கடைசியாக நிற்கும் அவமானம் ஒரு பிள்ளைக்கு இல்லாமல் போகும்.

தாக்கத்தைக் குறைக்க வேண்டிய மற்றொன்று வெயில். மார்ச் முதல் ஜூன் வரை நம் பகுதியில் முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 4 மணி வரை திறந்த வெளியில் கடும் விளையாட்டு வேண்டாம். தாகம் எடுக்கும்வரை காத்திராமல், பதினைந்து இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை தண்ணீர் அருந்தச் சொல்லுங்கள். வெயிலில் ஒருமுறை மயங்கிய பிள்ளை அதன் பின் மைதானத்தை அஞ்சுவதும் உண்டு.

குழு விளையாட்டு வேண்டாம் என்றால்

எல்லா முயற்சிக்குப் பின்னும் பிள்ளைக்குக் குழு விளையாட்டு பிடிக்கவில்லை என்றால், அதில் வருந்த ஒன்றுமில்லை. சிலம்பம், நீச்சல், ஓட்டம், பூப்பந்து, சைக்கிள், யோகா, நடனம் என வழிகள் பல. தன் வேகத்தில், தன்னோடு தானே போட்டியிட்டு முன்னேறும் விளையாட்டுகள் சில பிள்ளைகளின் இயல்புக்குப் பொருந்தும். அங்கே கிடைக்கும் தன்னம்பிக்கை, பின்னர் ஓர் அணியில் சேரவும் துணை செய்யலாம்.

2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பெண்கள் ஒற்றையர் பாட்மின்டன் எஸ்யு5 பிரிவில் வெள்ளி வென்ற துளசிமதி முருகேசன், நம் காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவர். அதே பிரிவில் வெண்கலம் வென்ற மனிஷா ராமதாஸ், அண்டை மாவட்டமான திருவள்ளூரைச் சேர்ந்தவர். எஸ்யு5 என்பது கையில் குறைபாடு உள்ளவர்களுக்கான பிரிவு. துளசிமதிக்குப் பயிற்சி அளித்தவர் அவர் தந்தையே. ஒவ்வொரு பிள்ளையும் பதக்கம் வெல்ல வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பிள்ளையின் உடல் எதற்கு இசைகிறது என்று பார்த்து, வீட்டிலுள்ள ஒருவர் அதனோடு நேரம் செலவிடுவது எவ்வளவு பெரிய உதவி என்பதற்கு அருகிலேயே உள்ள சான்று இது.

மருத்துவமனைக்கு வரும்போது

மேலே கூறிய உடல் அறிகுறிகளில் ஏதேனும் ஒன்று இருந்தாலோ, முன்பு விளையாடிய பிள்ளை திடீரென நிறுத்தியிருந்தாலோ, குழந்தைகள் நலப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். வரும்போது தடுப்பூசி அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள், பிள்ளை பயன்படுத்தும் இன்ஹேலர் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். ஓடிய பின் இருமலோ இளைப்போ வருகிறது என்றால், அதைச் செல்போனில் ஒரு நிமிடம் படம் பிடித்துவந்தால் எங்களுக்குப் பெரிதும் உதவும். உயரம், எடை, ஹீமோகுளோபின், பார்வை, செவித்திறன் ஆகியவற்றைப் பரிசோதிப்பது முதல் வேலை. தேவைப்பட்டால் மூச்சுத்திறன் சோதனையும் இதயப் பரிசோதனையும் செய்யப்படும்.

பிள்ளையைப் பற்றிப் பேசும்போது அதன் முன்னிலையில் "இவன் எதற்கும் லாயக்கில்லை" என்று சொல்லாதீர்கள். "இவனுக்கு ஓடுவது ஏனோ கடினமாக இருக்கிறது, ஏன் என்று பார்க்க வந்திருக்கிறோம்" என்று சொல்லுங்கள். தன்னைத் திருத்துவதற்காக அன்றித் தனக்கு உதவுவதற்காகவே அழைத்து வந்திருக்கிறார்கள் என்று உணரும் பிள்ளை, மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு மனம் திறந்து பதில் சொல்லும்.